பதினெட்டுக்குப் பூஜ்யம்

என் கைப்பேசியின் இடது மூலையில் ஒரு கீறல் இருக்கும். அது பழையது, சந்தவாசல் பேருந்து நிறுத்தத்தில் கை தவறி விழுந்தது. பறிமுதல் பட்டியலில் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் நாளைக்கு யாராவது நீங்கள் கீறிவிட்டதாகச் சொல்வார்கள். ஒரு பொருளை வாங்கும்போதே அதன் குறையையும் எழுதி வாங்கிவிட வேண்டும். தாலுகா அலுவலகத் தேர்தல் பிரிவில் முப்பத்தொரு வருடம் இருந்தவள் சொல்கிறேன்.

நீங்கள் சரிதாவின் சாவைப் பற்றிக் கேட்கத்தான் வரச்சொன்னீர்கள். தெரியும். போன வாரம் கொடுத்த வாக்குமூலத்தில் ஒரு வரியை நான் திருத்த வேண்டியிருக்கிறது. ஒரே ஒரு வரி. ஆனால் நேராக அந்த வரிக்கு வந்தால் உங்களுக்குத் தப்பாக விளங்கும். அதனால் முதலிலிருந்து வருகிறேன், இன்ஸ்பெக்டர் மேடம். எழுதுகிற அந்தத் தம்பி நிதானமாக எழுதட்டும்.

பெயர் ரேணுகாதேவி. வயது அறுபத்தேழு. ஊர் கண்ணமங்கலம். கணவர் தவறி ஆறு வருடம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. ஓய்வு பெற்ற பிறகு என்னோடு வேலை பார்த்த பெண்கள் எல்லாம் மகள் வீட்டுக்கும் கோயிலுக்கும் போனார்கள். நான் ஜவ்வாது மலைக்குப் போனேன்.

அந்த மலை எனக்குப் புதிதல்ல. தேர்தலுக்குத் தேர்தல் பெட்டியோடு ஏறியிருக்கிறேன். விடியற்காலையிலேயே வந்து வரிசையில் நிற்பார்கள். விரலில் மை வைத்துக்கொண்டு, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டு போவார்கள். அதோடு சரி. ஐந்து வருடத்துக்குத் தூக்கம். ஐந்து வருடத்தில் ஒரே ஒரு நாள் குடிமகனாக இருப்பது என்ன பிழைப்பு என்று நினைப்பேன். தினமும் பேச வேண்டும், தினமும் முடிவெடுக்க வேண்டும், மனு எழுத வேண்டும், கேள்வி கேட்க வேண்டும். அதற்காகத்தான் மலைமன்றத்தைத் தொடங்கினேன். வாட்சப்பில், பதினோரு ஊர்களுக்குமாக.

அதைக் கட்டியெழுப்பியவள் சரிதா என்பதை மறைக்கமாட்டேன். நெருஞ்சிக்கொல்லைக்காரி, இருபத்துமூன்று வயது. ஜமுனாமரத்தூரில் இ-சேவை மையத்தில் வேலை. அந்த மலையில் நான் மதித்த ஒரே ஆள். ஊர் ஊராக நடந்து, ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து, அவர்கள் கைப்பேசியை வாங்கி மன்றத்தில் சேர்த்துவிட்டு, எப்படிப் பேசுவது என்றும் சொல்லிக்கொடுத்தாள். பாதிப் பேருக்கு எழுத்து தெரியாது.

"எழுத்த வுடுங்க, படத்த பாருங்க. புளிய மரம் கீதுல்ல, அது மன்றம். செவப்புப் பொடவ கட்டிக்கினு மொறைக்கிறாங்களே, அது மேடம். படத்த தொட்டுட்டு மைக்க அமுக்கிப் பேசுங்க. அவ்ளோதான்."

மொறைக்கிறாங்க என்று அவள் சொன்னபோது நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மூன்று மாதத்தில் முந்நூற்று நாற்பது உறுப்பினர்கள். அந்த முந்நூற்று நாற்பது பேரும் மன்றத்தை எதற்குப் பயன்படுத்தினார்கள் என்று கேளுங்கள்.

"வணக்கம், நான் வீரன் பேசறேன். என் செவல ஆடு ரெண்டு நாளா காணோம். யாராச்சும் பாத்தீங்களா?"

"உன் ஆடு எங்க வூட்டு அவரக் கொடிய மேஞ்சிட்டு படுத்துக்கினு கீது. வந்து இட்டுக்கினு போ. கொடிக்கு இன்னா சொல்ற?"

"கொடி திரும்ப மொளைக்கும். ஆடு மொளைக்குமா?"

இதற்கு அறுபது பேர் சிரிப்புப் படம் போட்டார்கள். அதற்குச் சற்று முன்புதான் நான் கிராம சபையின் அதிகாரங்களைப் பற்றி எளிய தமிழில் ஒரு குறிப்பு எழுதிப் போட்டிருந்தேன். எழுத எனக்கு இரண்டு நாள் ஆகியிருந்தது. அதன் கீழே யாரோ ஒரு ரோஜாப்பூவையும் 'இனிய காலை வணக்கம்' என்பதையும் ஒட்டியிருந்தார்கள். அப்போது சாயங்காலம் ஐந்து மணி.

முதல் வாக்கெடுப்பை நான் மறக்கமாட்டேன். அரசிடம் முதலில் எதைக் கேட்பது, சாலையா, கைப்பேசிக் கோபுரமா. காலை பத்து மணிக்குக் கோபுரத்துக்கு நாற்பது, சாலைக்கு இருபத்திரண்டு. சாயங்காலம் பார்த்தால் கோபுரத்துக்கு அறுபத்திரண்டு, சாலைக்கு ஒன்றுமில்லை. அடுத்த வாக்கெடுப்பிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும். யாரோ மிரட்டுகிறார்கள் என்று நினைத்துச் சரிதாவைக் கூப்பிட்டு விசாரித்தேன்.

"மெரட்டறதெல்லாம் இல்ல மேடம். ஒரு பக்கம் ஜாஸ்தி பேர் சேந்துட்டாங்கன்னா அந்தப் பக்கம் கீறவங்க இங்க வந்துடுவாங்க. ஒருத்தர ரெண்டு பேர தனியா வுட்டுட்டு முடிவு பண்றது எங்க ஊருங்கள்ல கெடயாது. ஊர்க் கூட்டத்துலயும் அப்பிடித்தான். கடசி ஆளு சரின்ற வரைக்கும் யாரும் எழுந்திரிக்க மாட்டாங்க."

"அப்போ அந்த இருவத்திரண்டு பேருக்கு ரோடு வேணாமா?"

"வேணும் மேடம்."

"பின்ன?"

"வேணும். ஆனா தனியா வேணாம்."

இதை அவள் ஒரு பெருமையாகச் சொன்னாள். எனக்கு அருவருப்பாக இருந்தது. தோற்கத் தெரிந்தவனுக்குத்தான் ஜனநாயகம். தோற்றாலும் என் எண்ணிக்கை இது என்று பதிவேட்டில் நிற்க வேண்டும். ஆட்டை மேய்த்து மேய்த்து இவர்களுக்கும் அந்தப் புத்தியே வந்துவிட்டது என்று அன்றைக்கு என் நாட்குறிப்பில் எழுதினேன். அந்த நாட்குறிப்பும் உங்களிடம்தான் இருக்கிறது.

ஆனால் அந்த மடமையில் ஒரு வசதி இருப்பது எனக்குப் பிறகு தெரிந்தது. எந்தப் பக்கம் முதலில் பதினைந்து இருபது பேர் சேர்கிறார்களோ, அதுதான் முடிவு. அப்படியானால் சரியான பக்கத்தில் முதலில் நிற்கச் சில பொறுப்பான ஆட்கள் வேண்டும். மலையில் அப்படிப்பட்ட ஆட்கள் இல்லை. அதனால் நானே உண்டாக்கினேன்.

ஒருவர் தம் பெயரில் ஒன்பது சிம் வரை வைத்துக்கொள்ளலாம். என் தங்கை பெயரில் ஒன்பது, தங்கை கணவர் பெயரில் ஒன்பது. எதற்கென்று அவர்கள் கேட்கவில்லை. எங்கள் குடும்பத்தில் யாரும் எதையும் கேட்பதில்லை. பழைய கைப்பேசிகள் ஒன்பது, ஒன்றுக்கு இரண்டு சிம். நீங்கள் என் வீட்டிலிருந்து எடுத்துவந்த முறுக்கு டின்னில் இருந்தவை அவைதான். செவ்வாயும் வெள்ளியும் சார்ஜ் போடுவேன்.

வெறும் பெயர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். முனிசாமி கோபக்காரர், திருப்பூர் போய்வந்தவர். இளவரசி பட்டம் படித்தவள், எழுத்துப்பிழை வராது. சதீஸ்குமாருக்குப் புள்ளிவிவரம் பிடிக்கும். செல்லி எதற்கும் முதலில் கைதூக்குவாள். சின்னக்குழந்தை அறுபத்தைந்து வயது, தனியாள், நாட்டுக்கோழி வளர்க்கிறவள். மற்ற பதினேழு பேரையும் யோசித்து எழுதுவேன். சின்னக்குழந்தைக்கு மட்டும் கை தானாக ஓடும். சில நாள் என்னையே எதிர்த்துப் பேசுவாள். 'மேடம் சொல்வது சரி, ஆனால் சொல்கிற விதம் சரியில்லை' என்று ஒருமுறை எழுதினாள். மன்றத்துக்கு அது உயிரோட்டமாக இருக்கட்டும் என்று விட்டுவைத்தேன்.

இந்தப் பதினெட்டுப் பேரையும் செயற்குழுவாக அமைத்தேன். விதியை உண்டாக்கவோ தளர்த்தவோ செயற்குழுவின் வாக்கு வேண்டும். நான் தலைவி. தலைவிக்கு வாக்கில்லை, தலைவி நடுநிலையாக இருக்க வேண்டும். ஊருக்கு ஊர் தூரம். ஒவ்வொரு ஊர்க்காரரும் இவர்கள் பக்கத்து ஊர் என்று நினைத்துக்கொண்டார்கள்.

நடந்த நன்மைகளையும் நீங்கள் எழுத வேண்டும். ஒன்றரை வருடத்தில் மூன்று ஊர்களுக்குத் தெருவிளக்கு வந்தது. ரேஷன் கடை வாரத்தில் ஒரு நாளுக்குப் பதில் மூன்று நாள் திறந்தது. போன ஜூன் மாதம் வீரன் மனைவிக்கு வலி எடுத்தபோது அவன் மன்றத்தில்தான் கத்தினான்: "பூபாலா, வண்டிய எடுடா." நெருஞ்சிக்கொல்லையில் ஜீப் வைத்திருக்கிற பூபாலன் கைப்பேசியைக் கீழே வைக்காத ஆள். அடுத்த நிமிடமே வண்டியைக் கிளப்பிவிட்டான். தாயும் பிள்ளையும் நலம். அந்த மலையில் பாதி இடத்தில் பேச்சு எடுக்காது, ஆனால் ஒலிச்செய்தி எப்படியாவது போய்ச் சேர்ந்துவிடும். மன்றம் வேலை செய்தது. அதை மறுக்கமுடியாது.

டெல்லியிலிருந்து ஒரு அமைப்பு, நாடு முழுவதிலும் ஏழு இணைய மன்றங்களை முன்மாதிரியாகத் தேர்ந்தெடுத்தது. ஏழில் ஒன்று என்னுடையது. நவம்பரில் நேரில் வந்து பார்ப்பதாக எழுதியிருந்தார்கள். முப்பத்தொரு வருடத்தில் என் பெயரை யாரும் தட்டச்சுப் பிழையில்லாமல் எழுதியதில்லை. அந்தக் கடிதத்தில் பிழையில்லை.

அப்போதுதான் முத்தம்மா வாயைத் திறந்தாள்.

சரிதாவின் அம்மா. சாமை, புளி, நாலு ஆடு. எழுத்து வாசனை கிடையாது. ஆனால் மன்றத்தில் வருகிற ஒவ்வொரு செய்தியையும் கேட்பாள். எழுத்தில் வருவதை மகளைப் படிக்கச்சொல்லிக் கேட்பாள். எல்லோரையும் போல ரோஜாப்பூ போட்டுவிட்டுப் போகமாட்டாள். ஒருநாள் அவளுடைய குரல் வந்தது.

"இன்னா சின்னக்குழந்தக்கா, நல்லாத்தான் பேசற. ஆமா, நீ எந்த ஊரு, எந்த வூடு?"

மலைக்காரர்களுக்கு இது ஒரு வியாதி. ஆள் என்ன சொல்கிறார் என்பது முக்கியமில்லை, எந்த வீட்டு ஆள் என்பதுதான் முக்கியம். சின்னக்குழந்தை பதில் எழுதினாள்: 'கருங்கல்வளவு. கோயிலுக்கு மேலே நாலாவது வீடு. குழாய்த் தண்ணீர் அவ்வளவு மேடு ஏறமாட்டேன் என்கிறது, முத்தம்மா.' தண்ணீர்த் தொட்டிக் கோரிக்கைக்கு அது பொருத்தமாக இருக்குமென்று நினைத்தேன்.

பத்து நிமிடத்தில் முத்தம்மா திரும்ப வந்தாள். பின்னால் நாலைந்து பேர் சிரிக்கிற சத்தம்.

"கோயிலுக்கு மேலயா? யக்கா, இந்த மலையில எந்த ஊர்லயும் சாமிக்கு மேல வூடு கெடயாது. சாமி தலமாட்டுல கால நீட்டிக்கினு தூங்குவியா நீ? எங்க ஊரு ஆடு கூட அங்க மேயாது."

உண்மைதான். பிறகு மன்றத்தில் வந்த ஊர்ப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பதினோரு ஊரிலும் கோயில்தான் மேலே, வீடெல்லாம் கீழே. முப்பத்தொரு வருடம் ஏறி இறங்கியும் நான் அதைக் கவனித்ததில்லை. வாக்குச்சாவடி எப்போதும் கீழேதான் இருக்கும்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அவள் நிறுத்தவில்லை. முனிசாமி எவன் மகன், செல்லியைக் கட்டினவன் யார், இளவரசி எந்த வருடம் பூப்பெய்தினாள், நமக்கு ஏன் சொல்லியனுப்பவில்லை என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். கடைசியாக இதைச் சொன்னாள்.

"டெல்லிக்காரங்க வரட்டும், நானே கேக்கறேன். எங்க மேடம் மன்றத்துல காத்து கருப்பெல்லாம் ஓட்டு போடுது. அதுங்களுக்கும் ஒரு ரேசன் கார்டு குடுப்பீங்களானு."

தொண்ணூறு பேர் சிரிப்புப் படம் போட்டார்கள். நான் எழுதிய எந்தக் குறிப்புக்கும் தொண்ணூறு பேர் எதையும் போட்டதில்லை.

சரிதா அடுத்த நாளே பேருந்து பிடித்துக் கண்ணமங்கலம் வந்தாள். என் கூடத்தில் உட்கார்ந்தாள். காபியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே பேசினாள்.

"அம்மா வாய சும்மா வெச்சிக்க மாட்டாங்க மேடம். மனசுல ஒண்ணும் கெடயாது. நீங்க கோச்சிக்காதீங்க."

"கோவம் இல்ல சரிதா. நடைமுறைன்னு ஒண்ணு இருக்குல்ல."

"இருக்கு மேடம்." டம்ளரை மேசையில் வைத்தாள். "அந்தச் சின்னக்குழந்த... யாரு மேடம்?"

"ஏன், உனக்கும் சந்தேகமா?"

முறுக்கு டின் மேசைமேல்தான் இருந்தது. அவள் வந்தால் நான் அதிலிருந்து எடுத்துத் தருவது வழக்கம் என்று நீங்கள் நினைப்பீர்கள். அதில் முறுக்கு இருந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அந்த நேரம் பார்த்து உள்ளே ஏதோ ஒரு கைப்பேசி அதிர்ந்தது. தகர டின் என்பதால் சத்தம் கேட்டது. அவளும் கேட்டாள். நானும் கேட்டேன்.

"நீங்க எது செஞ்சாலும் எங்க நல்லதுக்குத்தான் செய்வீங்க மேடம்," என்றாள். பிறகு காபியை ஒரே மூச்சில் குடித்துவிட்டுப் போனாள்.

அன்றைக்கே செயற்குழுவைக் கூட்டினேன். விதி இதுதான்: சக உறுப்பினரின் பெயருக்குக் களங்கம் உண்டாக்குபவர் மூன்று மாதம் மன்றத்திலிருந்து நீக்கப்படுவார். அந்தக் காலத்தில் சொல்ல வேண்டியது இருந்தால் தலைவிக்கு அனுப்பலாம். தலைவி இருபத்துநான்கு மணி நேரம் பரிசீலித்து மன்றத்தில் வெளியிடுவார். யாருடைய வாயையும் நான் அடைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு நாள் தாமதம், அவ்வளவே.

மறுநாள் அந்த விதியின்படி ஒரு கேள்வி மன்றத்தில் வாக்குக்கு வந்தது. முத்தம்மாவை நீக்கலாமா. காலையில் பதினெட்டுப் பேர் 'நீக்கலாம்' பக்கம் நின்றார்கள். மதியம் ஐம்பது. நான்கு மணிக்கு நூற்று நாற்பது. நேற்றுவரை சிரித்த தொண்ணூறு பேரும் அதில் இருந்தார்கள். எதிர்ப்பக்கம் இரண்டே பேர், தாயும் மகளும். ஐந்தேகாலுக்கு முத்தம்மா தன் விரலை மாற்றினாள். தன்னை நீக்கும் தீர்மானத்துக்குத் தானே ஒப்புதல் கொடுத்தாள். சட்டமன்றத்தில் கூட இப்படி நடந்து நான் கேள்விப்பட்டதில்லை. கூடவே ஒரு குரலும் வந்தது.

"எல்லாரும் ஒரு பக்கம் நின்னா நானும் அங்கதான நிக்கணும். மூணு மாசம் தான. சாம அறுத்து, புளி பழுக்கறதுக்குள்ள வந்துடுவேன். வர்றேன் எல்லாரும்."

அதன்பிறகு எதிர்ப்பக்கம் சரிதா மட்டும் இருந்தாள். ஒரு மணி நேரம். அவள் பெயரைத் தனியாக அந்தப் பத்தியில் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு அவள்மேல் மதிப்புக் கூடியது. ஆறு இருபதுக்கு அவளும் வந்துவிட்டாள். அம்மா சொல்லியிருப்பாள்.

இப்போது அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன். உங்களுக்குத் தெரிந்ததையே சொல்கிறேன், தப்பிருந்தால் திருத்துங்கள். சாமை அறுப்பு. சரிதா விடுப்பு எடுத்துக்கொண்டு அம்மாவோடு சாமைக் கொல்லைக்குப் போயிருந்தாள். ஓடைக்கு அந்தப் பக்கம், ஊரிலிருந்து முக்கால் மணி நேர நடை. மூன்றரை மணி வாக்கில் அறுத்துப்போட்ட கதிர்த்தாள் கட்டைத் தூக்கும்போது அடியிலிருந்த கண்ணாடிவிரியன் கணுக்காலில் கடித்தது. சரிதாவின் கைப்பேசி வீட்டில் சார்ஜில் இருந்தது. அங்கே ஒரு பாறை மேல் மட்டும் சிக்னல் ஒரு கோடு கிடைக்கும், பேச்சு எடுக்காது. முத்தம்மா மகளை அந்தப் பாறைக்கு இழுத்துக்கொண்டு வந்தாள். அவளுக்கு எண் படிக்கத் தெரியாது. தெரிந்தவை படங்கள்தான். புளியமரப் படத்தைத் தொட்டால் அதில் அவளால் பேசமுடியாது, நீக்கப்பட்டவள். அதனால் சிவப்புப் புடவைக்காரியின் படத்தைத் தொட்டு, மைக்கை அமுக்கி, ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டு நொடி பேசினாள். என் கைப்பேசிக்கு அது வந்த நேரம் மூன்று நாற்பத்தாறு.

ஆறு மணிக்கு ஆடு ஓட்டிக்கொண்டு வந்த வீரன்தான் அவர்களைப் பார்த்தான். ஓடிப்போய்ப் பூபாலனை அழைத்துவந்தான். ஜீப் இரண்டாவது வளைவு தாண்டும்போது உயிர் போய்விட்டது. ஒரு மணி நேரம் முன்னால் வந்திருந்தால் பிழைக்கவைத்திருக்கலாம் என்று மருத்துவர் சொன்னதாக உங்கள் கோப்பில் இருக்கிறது.

மன்றம் தன் கடமையைச் செய்தது. இரங்கல் தீர்மானத்தில் முதல் பதினெட்டுக் கையும் செயற்குழுவினுடையவை. இளவரசி எழுதியதைப் படித்துவிட்டுப் பலர் அழுதார்களாம். நெருஞ்சிக்கொல்லைக்குச் சாலை வேண்டும், அதற்குச் சரிதா பெயர் வைக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டோம். முந்நூற்றுப் பன்னிரண்டு பேர், எதிர்ப்பு இல்லை. டெல்லிக்காரர்கள் வந்தபோது ஒரு நிமிடம் எழுந்து நின்றார்கள். அவர்களிடம் கேள்வி கேட்க முத்தம்மா வரவில்லை. சாலைக்கு இப்போது அளவெடுத்துக்கொண்டிருக்கிறார்கள். எத்தனை வருடம் மனு கொடுத்தும் வராத சாலை.

என் முதல் வாக்குமூலத்தில் இருக்கும் வரி இது: 'அந்த ஒலிச்செய்தியை மறுநாள் காலை ஒன்பதரை மணிக்குத்தான் கேட்டேன். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டிருந்தது.' இந்த வரியைத்தான் திருத்த வேண்டும்.

இன்று காலையில் நீங்கள் முத்தம்மாவின் கைப்பேசியை என்முன் வைத்தீர்கள். ஒலிச்செய்தியைக் கேட்டுவிட்டால் அனுப்பியவர் திரையில் அந்தச் சின்ன மைக் படம் நீலமாகிவிடும் என்றீர்கள். நான் படித்ததை மற்றவர் அறியாதபடி நீலக் குறிகளை எப்போதோ அணைத்து வைத்திருந்தேன். அந்த ஏற்பாடு மைக்குக்குச் செல்லாது என்பது எனக்குத் தெரியாது. படிக்கத் தெரியாத ஒருத்திக்கு அது தெரிந்திருக்கிறது. மகள் சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

முத்தம்மா சொன்னதையும் நீங்களே வாசித்துக் காட்டினீர்கள். "நீலமாயிடுச்சி. மேடம் கேட்டுட்டாங்க, வண்டி வந்துடும்னு அவகிட்ட சொல்லிக்கினு பாறையாண்டயே உக்காந்துக்கினு இருந்தேன்." வாசித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தீர்கள். அது நீலமாகாமல் இருந்திருந்தால் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கியிருப்பாளாம். செய்திருப்பாள். புளிமூட்டையைத் தூக்கிக்கொண்டு அதே சரிவில் இறங்குகிறவள்தான். ஆனால் கேட்டுவிட்டால் செய்துவிடுவார்கள் என்று அவளுக்கு யார் சொன்னது? முப்பத்தொரு வருடத்தில் நான் எத்தனை மனுவைக் கேட்டிருப்பேன். கேட்பது வேறு. மலைக்காரர்களுக்கு இந்த வித்தியாசம் கடைசிவரை புரியப்போவதில்லை.

அந்தச் செய்தியில் இருந்ததை நான் சொல்கிறேன், நீங்கள் ஒத்துப்பார்த்துக்கொள்ளுங்கள். "யம்மா, மேடமம்மா, என் பொண்ண பாம்பு கட்ச்சிடுச்சி. ஓடையாண்ட கொல்லையில கீறோம். பூபாலன வண்டி எடுத்துக்கினு வரச் சொல்லு தாயே. நான் பேசனதெல்லாம் தப்புதான். வண்டிய மட்டும் அனுப்பு." அப்புறம் மூச்சு வாங்குகிற சத்தம். ஒரு ஆடு கத்துகிறது. கடைசியில் சரிதாவின் குரல், தூரத்திலிருந்து, அம்மாவிடம் பேசுவது.

"பயப்படாதம்மா. மேடம் உடனே கேட்டுடுவாங்க."

அவள் சொன்னது சரிதான். நான் உடனே கேட்டேன். மூன்று நாற்பத்தேழுக்கு.

கேட்டுவிட்டுச் சும்மா இருந்தேன் என்று நீங்கள் எழுதக்கூடாது. நான் அப்படிப்பட்டவள் இல்லை. நானாக எந்த முடிவும் எடுக்கவும் இல்லை. விதியைத் தளர்த்தும் அதிகாரம் செயற்குழுவுக்குத்தான் உண்டு. அவசரக் கூட்டம் கூட்டினேன். கேள்வி: 'நீக்கப்பட்ட உறுப்பினரின் செய்தியை இருபத்துநான்கு மணி நேரத்துக்கு முன்பே வெளியிடலாமா?' டின்னைத் திறந்து ஒன்பது கைப்பேசியையும் மேசையில் வரிசையாக வைத்தேன். இரண்டில் சார்ஜ் இல்லை, செருகிவிட்டுக் காத்திருந்தேன். யாரையும் விட்டுவிட்டு நடத்தவில்லை. ஒவ்வொருவருக்கும் முறையாக வாய்ப்புக் கொடுத்து முடிக்க முப்பத்தைந்து நிமிடம் ஆனது.

முனிசாமி கூடாது என்றார். இளவரசி கூடாது என்றாள். சதீஸ்குமார், செல்லி, எல்லோருமே அப்படித்தான். ஒரு விதியை உண்டாக்கிய மூன்றாவது வாரமே தளர்த்தினால் அதற்கு என்ன மரியாதை. பதினேழு பேர் கூடாது என்றார்கள். சின்னக்குழந்தை மட்டும் வெளியிடலாம் என்று அழுத்தினாள். ஏன் அப்படி அழுத்தினாள் என்று எனக்கு இதுவரை விளங்கவில்லை.

பதினேழுக்கு ஒன்று. பெரும்பான்மைக்கு அதுவே போதும், அப்படியே முடித்திருக்கலாம். ஆனால் அந்த மலையிலிருந்து நானும் ஒன்றைக் கற்றுக்கொண்டிருந்தேன். ஒருத்தியைத் தனியாக நிறுத்திவிட்டு முடிவு செய்வது அங்கே வழக்கமில்லை. அவள் பெயர் அந்தப் பத்தியில் தனியாக இருப்பதை நாலைந்து நிமிடம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு அவளும் இந்தப் பக்கம் வந்துவிட்டாள்.

பதினெட்டுக்குப் பூஜ்யம். நான் வாக்களிக்கவில்லை. தலைவிக்கு வாக்கில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.